சிறைக்குள் படித்தது வெளியே கைகொடுக்க வேண்டுமென்றால்: கல்வித் திட்டம் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

சிறை வகுப்பில் அன்றைக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பும் பயிற்சி. முன்வரிசையில் இருந்த மாணவர் பெயர் எழுதினார், பிறந்த தேதி எழுதினார், படிப்பு எழுதினார். ‘தற்போதைய முகவரி’ என்ற கட்டம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். “சார், இதுல என்ன எழுதுறது? இந்த இடத்தோட முகவரியா, இல்ல என்னைச் சேர்த்துக்குவாங்களான்னே தெரியாத வீட்டு முகவரியா?” அவருக்கு விடுதலையாக இன்னும் 5 மாதம் இருந்தது.

என்னிடம் பதில் இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய அவரை ஓராண்டில் படிவம் நிரப்பும் அளவுக்குக் கொண்டுவந்ததைப் பெரிய சாதனை என்று நினைத்திருந்தேன். ஆனால் என் பாடத்திட்டம் சிறையின் வாசலோடு முடிந்துபோனது. அவருடைய வாழ்க்கையோ அந்த வாசலுக்கு வெளியேதான் தொடங்கவிருந்தது. சிறையில் வகுப்பு எடுக்க நினைக்கும் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள், சிறைத்துறை அலுவலர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: விடுதலை நாளில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

முதலில், இதனால் பலன் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2013இல் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறையில் கல்வித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் விடுதலைக்குப் பின் மீண்டும் குற்றப் பாதைக்குத் திரும்பும் வாய்ப்பு விகிதம், சேராதவர்களைவிட 43 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த எண்ணைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். நூறு பேரில் 43 பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. நேரடியாகச் சொன்னால், திரும்பி வருவோரின் அளவு ஏறத்தாழ 13 சதவீதப் புள்ளிகள், அதாவது நூறு பேருக்கு ஏறத்தாழ 13 பேர், குறைந்தது. அதுவே பெரிய விஷயம்தான். கல்விக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் மறுபடி சிறை வைக்கும் செலவில் நான்கைந்து டாலர் மிச்சமாகிறது என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. நிதி கேட்டுப் போகும்போது இதைச் சொல்லுங்கள். ஆனால் பெரிய எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எதிர்பார்ப்பை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால் அடுத்த ஆண்டே திட்டத்தை மூடச் சொல்வார்கள்.

படி 1: விடுதலை நாளை வைத்து மாணவர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

வயது, படிப்பு, செய்த குற்றம் இவற்றையெல்லாம் வைத்து வகுப்பு பிரிப்பதுதான் வழக்கம். நான் முதலில் கேட்பது, இவர் எப்போது வெளியே போவார் என்பதை.

விசாரணைக் கைதிகளுக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. நாளைக்கே ஜாமீன் கிடைக்கலாம், இரண்டு வருடம் இழுக்கலாம். அவர்களுக்கு மூன்று மாதப் பாடத்திட்டம் போட்டால் பாதியில் போய்விடுவார்கள். போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. எனவே ஒவ்வொரு வகுப்பும் அன்றைக்கே முழுமையாக முடிய வேண்டும். இன்று கையெழுத்துப் போடக் கற்பது, நாளை வட்டிக் கணக்கு, அடுத்த நாள் வழக்கு ஆவணத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது. இப்படித் துண்டு துண்டாக, ஆனால் ஒவ்வொரு துண்டும் தனித்து நிற்கிற மாதிரி.

ஓராண்டுக்குள் போகிறவர்களுக்கு எழுத்தறிவு, ஒரு குறுகிய காலத் தொழிற்பயிற்சி, வெளியே போவதற்கான தயாரிப்பு இவை போதும். நீண்ட தண்டனை பெற்றவர்களுக்குப் பள்ளி இறுதித் தேர்வு, பட்டப்படிப்பு வரை போகலாம்.

சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும், 2015இல் ஐ.நா. திருத்தி ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் இதற்குத் துணை நிற்கின்றன. தண்டனை தொடங்கும் நாளிலிருந்தே விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கையை மனதில் கொள்ள வேண்டும் என்கிறது 107ஆம் விதி. சிறைக் கல்வி நாட்டின் பொதுக் கல்வி முறையோடு இணைந்திருக்க வேண்டும், வெளியே போனபின் சிரமமின்றித் தொடர வழி இருக்க வேண்டும் என்கிறது 104ஆம் விதி. அனுமதிக் கடிதம் எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் குறிப்பிடுங்கள்.

படி 2: சிறை நிர்வாகத்தோடு பேசுங்கள், காவலர்களோடும் பேசுங்கள்

கண்காணிப்பாளர் அனுமதி கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மாணவரை அறையிலிருந்து வகுப்புக்கு அழைத்து வருவது காவலர். அவருக்கு இந்த வகுப்பு கூடுதல் சுமையாகத் தெரிந்தால், தினமும் ஏதாவது ஒரு காரணத்தால் வகுப்பு தாமதமாகும். அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆள் கணக்கெடுக்கும் நேரம், பணி மாறும் நேரம், பார்வையாளர் வரும் நாள், நீதிமன்ற நாள் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, மீதி இருக்கும் நேரத்தில் வகுப்பை வையுங்கள். குடும்பத்தார் பார்க்க வரும் நாளில் வகுப்பு வைக்கவே கூடாது. பிள்ளையின் முகமா, இலக்கணமா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க வைப்பது கொடுமை.

கூலி விஷயத்தை ஆரம்பத்திலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். சிறைக்குள் வேலை செய்தால் கூலி உண்டு, படித்தால் இல்லை என்றால், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் வகுப்புக்கு வரமாட்டார். அவருக்குத்தான் வகுப்பு மிகவும் தேவைப்படும். வகுப்பு நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கக் கேளுங்கள். படிப்புக்கு நேரம் கிடைக்கும் வகையில்தான் வேலை நேரம் இருக்க வேண்டும் என்பதும் மண்டேலா விதிகளில் உண்டு. பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 12 மணி நேரப் படிப்புக்கு 1 நாள் தண்டனைக் கழிவு. ஒரு புத்தகம் வாசித்து அதைப் பற்றி எழுதிக் காட்டினால் 4 நாள் கழிவு. ஆண்டுக்கு 12 புத்தகம் வரை, ஆக 48 நாள். உங்கள் நாட்டுச் சட்டத்தில் கல்விக்குக் கழிவு இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால், அது வகுப்பறையை நிரப்பும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. “ஒரே ஒரு லெட்டர் சார், போஸ்ட் பண்ணிடுங்க” என்று யாராவது கேட்பார்கள். பாவமாக இருக்கும். எடுத்துப் போகாதீர்கள். ஒரு கடிதம் வெளியே போனது தெரிந்தால் உங்கள் அனுமதி மட்டுமல்ல, அந்த வகுப்பில் இருக்கும் முப்பது பேரின் படிப்பும் அன்றோடு நின்றுவிடும்.

படி 3: அவமானப்படுத்தாமல் நிலையறியுங்கள்

“எதுவரை படிச்சிருக்கீங்க?” என்று எல்லோர் முன்னிலும் கேட்காதீர்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் அதை மறைக்க வாழ்நாள் முழுக்கப் பழகியிருப்பார்கள். “கண்ணாடி கொண்டு வரலை”, “கையெழுத்து சரியில்லை, அப்புறம் எழுதித் தரேன்” என்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதுவதைப் பார்த்து வரிவரியாக அப்படியே வரைந்தும் வைப்பார்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசினால் போதும். ஒரு மருந்துச் சீட்டையோ அறிவிப்புப் பலகையின் வாசகத்தையோ கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் நிலை தெரிந்துவிடும்.

அதே சமயம், கண்ணாடி இல்லை என்பவரில் சிலருக்கு நிஜமாகவே பார்வைக் கோளாறு இருக்கும். வகுப்பு தொடங்கும் முன் கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் நடத்த முடிந்தால், முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரியும்.

எழுத்தறிவு வகுப்புக்கு வெளி ஆசிரியரைவிடச் சக சிறைவாசியே சிறந்தவர் என்பது என் எண்ணம். பிரிட்டனில் ஷானன் டிரஸ்ட் என்ற அமைப்பு இதை நன்றாக நடத்துகிறது. வாசிக்கத் தெரிந்த சிறைவாசி, தெரியாதவருக்குத் தினமும் 20 நிமிடம், வாரத்தில் 5 நாள் சொல்லிக்கொடுப்பார். தோற்றுப்போவோமோ என்ற பயம், பெரிய வகுப்பறையில் வருவதுபோல இதில் வராது. சொல்லிக்கொடுப்பவருக்கும் பலன் உண்டு. தன்னை நம்பி ஒருவர் காத்திருக்கிறார் என்ற உணர்வு அவருக்குப் பல வருடம் கழித்து முதன்முறையாகக் கிடைக்கும்.

படி 4: பாடத்திட்டம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தொழிற்பயிற்சியில் முதல் தவறு, சிறையில் எந்த இயந்திரம் இருக்கிறதோ அதை வைத்துப் பயிற்சி கொடுப்பது. இருபது வருடம் பழைய இயந்திரத்தில் தேர்ச்சி பெற்றவருக்கு வெளியே அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்க்கக்கூடக் கிடைக்காது. தலைகீழாகச் செய்யுங்கள். முதலில், வெளியே யார் ஆள் எடுக்கிறார்கள் என்று பத்து முதலாளிகளிடம் கேளுங்கள். குற்றப் பின்னணி இருந்தாலும் எடுப்பீர்களா என்பதையும் நேராகக் கேளுங்கள். பிறகு சட்டத்தைப் பாருங்கள். பல நாடுகளில் சில தொழில்களுக்கான உரிமம் தண்டனை பெற்றவருக்குக் கிடைக்காது. உரிமமே கிடைக்காத தொழிலை ஒருவருக்கு ஒரு வருடம் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

இணையம் இல்லாமல் கணினி சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் லாஸ்ட் மைல் என்ற அமைப்பு 2014இல் நிரல் எழுதும் வகுப்பைத் தொடங்கியபோது மாணவர்களுக்கு இணைய இணைப்பு கிடையாது. வெளியுலக இணையம் எப்படி இயங்குமோ, அதே மாதிரியைச் சிறைக் கணினிகளுக்குள்ளேயே அமைத்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

சான்றிதழைக் கவனியுங்கள். அதில் சிறையின் பெயர் அச்சாகியிருந்தால் ஒவ்வொரு நேர்காணலிலும் அதுவே முதல் கேள்வியாகும். வெளியில் உள்ள பள்ளி, தொழிற்பயிற்சி நிறுவனம், பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்றின் பெயரில் வழங்க ஏற்பாடு செய்யுங்கள். நார்வே இதற்குச் சிறந்த முன்மாதிரி. அங்கே ஆசிரியர், மருத்துவர், நூலகர் யாரும் சிறைத்துறை ஊழியர் அல்லர். வெளியே உள்ள பள்ளியும் மருத்துவச் சேவையும் நூலகமும் சிறைக்குள் தம் ஆட்களை அனுப்புகின்றன. விடுதலையானவருக்குப் பள்ளி என்பது புது இடமாகவே இருப்பதில்லை. ஏற்கெனவே அவருக்குப் பாடம் எடுத்த அமைப்பின் இன்னொரு கட்டடம், அவ்வளவுதான்.

அன்றாட வாழ்க்கைப் பாடங்களைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். பத்து வருடம் உள்ளே இருந்தவருக்குத் தொடுதிரைக் கைபேசி பழக்கமே இருக்காது. சிறைக்குள் கைபேசி கொண்டுபோகவும் முடியாது. நாங்கள் அட்டையைக் கைபேசி அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு திரையையும் தாளில் வரைந்து அதன்மேல் வைத்துப் பழக்கினோம். விரலால் தள்ளும்போது பக்கத்தில் இருப்பவர் அடுத்த தாளை மாற்றுவார். கடவுச்சொல் திரை, ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) வரும் திரை, பணம் போய்விட்டதா இல்லையா என்று காட்டும் திரை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அந்த அட்டையைத் தன்னோடு எடுத்துப்போய் இரவெல்லாம் பழகிவிட்டு, மறுநாள் வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், மோசடி அழைப்பைக் கண்டுகொள்வது, மருத்துவமனையில் பதிவு செய்வது, கோபம் வரும்போது அந்த இடத்தை விட்டு நகர்வது. இவை எல்லாம் பாடங்கள்தான்.

இலக்கியம், வரலாறு, தத்துவம் எதற்கு, வேலை கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் அமெரிக்காவின் பார்ட் கல்லூரி நடத்தும் சிறைத் திட்டத்தைச் சொல்வேன். 1999இல் தொடங்கிய அந்தத் திட்டம், வெளி மாணவர்களுக்கு நடத்தும் அதே பாடத்தை, அதே கடினத்தோடு சிறையில் நடத்துகிறது. 2015இல் அதன் சிறைவாசி மாணவர்களின் விவாத அணி ஹார்வர்டு பல்கலைக்கழக அணியை வென்றது. அந்த மாணவர்களுக்கும் இணையம் இல்லை. கேட்ட புத்தகம் அனுமதி பெற்று வந்துசேரவே நாளாகும். தன்னைக் குற்றவாளி என்ற ஒரே சொல்லால் மட்டுமே நினைத்துப் பழகிய ஒருவர், தன்னை மாணவர் என்று நினைக்கத் தொடங்குவதும் ஒரு பயன்தான். வேலைக்கு அது அடித்தளம் என்றே நான் நம்புகிறேன்.

நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சிறைவாசிகள் கல்லூரியில் படிக்க உதவிய பெல் என்ற அரசு உதவித்தொகை 1994இல் ஒரு சட்டத்தால் அவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதை நம்பி இயங்கிய சிறைக் கல்லூரி வகுப்புகள் பெரும்பாலும் மூடப்பட்டன. முழுமையாகத் திரும்பக் கிடைத்தது 2023 ஜூலையில்தான். ஒரே வாசலிலிருந்து வரும் பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

படி 5: விடுதலைக்கு ஆறு மாதம் முன்பு ஒரு கோப்பு

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோப்பு தொடங்குங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, பழைய பள்ளிச் சான்று, சிறையில் பெற்ற சான்றிதழ்கள், மருத்துவக் குறிப்பு, எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், விடுதலை ஆணையின் நகல். தொலைந்துபோன அடையாள ஆவணத்தைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஆறு மாதம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உங்கள் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதலையாகும்போது உரிய ஆவணங்கள், தங்க இடம், வேலை, தட்பவெப்பத்துக்கு ஏற்ற உடை, போய்ச் சேரும் செலவுக்குப் பணம் இவையெல்லாம் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று மண்டேலா விதிகளின் 108ஆம் விதி சொல்கிறது. அதையே சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

பேனாவை மூடி வைத்தவரின் முகவரிக் கட்டத்தை நாங்கள் இந்தப் படியில்தான் நிரப்பினோம். அவர் அண்ணனுக்கு மூன்று கடிதம் போனது. மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. வீட்டில் அல்ல, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறையில், முதல் மூன்று மாதம். அந்த முகவரியை அவர் படிவத்தில் எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

நேர்காணல் பயிற்சியும் இப்போதே தொடங்க வேண்டும். ஒரு உண்மையை மறைக்காமல் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: கதவுகள் எளிதில் திறக்காது. சமூகவியலாளர் டேவா பேஜர் அமெரிக்காவின் மில்வாக்கியில் நடத்திய சோதனையின் முடிவு 2003இல் வந்தது. தகுதியில் ஒத்த இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். குற்றப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீத முறை திரும்ப அழைப்பு வந்தது, பதிவு உண்டு என்று சொன்ன வெள்ளையருக்கு 17 சதவீதம். கறுப்பினத்தவருக்கு முறையே 14, 5 சதவீதம். அதாவது ஒருவர் பத்து இடத்தில் நிராகரிக்கப்பட்டால் அது அவர் குறை அல்ல. பத்து நிராகரிப்புக்குப் பிறகும் பதினோராவது இடத்துக்குப் போகப் பழக்குவதும் நம் பாடத்தில் சேர வேண்டும்.

“இடையில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்விக்கு மூன்று வாக்கியத்தில் பதில் சொல்லப் பழக்குங்கள். நடந்ததை ஒரு வாக்கியத்தில், அதன்பின் கற்றதை ஒரு வாக்கியத்தில், இந்த வேலைக்கு என்ன கொண்டுவருகிறேன் என்பதை ஒரு வாக்கியத்தில். பொய் சொல்லச் சொல்லாதீர்கள். கேட்காத விவரத்தையெல்லாம் கொட்டவும் தேவையில்லை. எதைச் சொல்லச் சட்டப்படி கட்டாயம், எது கட்டாயம் இல்லை என்பதை வழக்கறிஞர் வந்து விளக்கட்டும்.

படி 6: முதல் 14 நாள்

2007இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம், மற்ற மக்களைவிட 12.7 மடங்கு. முதல் காரணம், அளவுக்கு மீறிய போதைப்பொருள். சிறையில் இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவை எடுத்துக்கொண்டால் உயிர் போகும். இதை விடுதலைக்கு முந்தைய வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் அல்ல இது.

இந்த 14 நாளுக்கு வகுப்பு செய்யக்கூடியது நிறைய. விடுதலையாகும் முன்பே வெளியே நடக்கும் வகுப்பின் தேதி, நேரம், இடம், ஆசிரியர் பெயர் மாணவர் கையில் இருக்க வேண்டும். ‘வெளியே போனதும் வந்து பாருங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வருவதில்லை. ‘வியாழன் மாலை 5 மணி’ என்று சொன்னால் வருவார்கள். வெளி ஆசிரியர் விடுதலைக்கு முன் ஒருமுறையாவது உள்ளே வந்து முகம் காட்டிவிட்டுப் போகட்டும். விடுதலை நாளன்று வாசலில் ஒருவர் நிற்கட்டும். ஏற்கெனவே விடுதலையாகி நிலைபெற்றவர் அந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவர். நாம் சொன்னால் அறிவுரையாகப் போவது, அவர் சொன்னால் அனுபவமாகப் போய்ச்சேரும்.

நன்னடத்தை அலுவலரிடம் கையெழுத்துப் போடும் நேரமும் வகுப்பு நேரமும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோதினால் மாணவர் கையெழுத்தைத்தான் தேர்ந்தெடுப்பார், தேர்ந்தெடுக்கவும் வேண்டும்.

படி 7: வெளியே இருப்பவர்களையும் தயார் செய்யுங்கள்

குடும்பத்தாருக்கு ஒரு சந்திப்பு போதாது. திரும்பி வருபவர் சத்தத்துக்கு மிரளலாம், கதவைத் தட்டித் திறக்கக் காத்து நிற்கலாம், கேட்டுக் கேட்டே எதையும் செய்யலாம். இது சோம்பலோ திமிரோ அல்ல, வருடக்கணக்கில் ஊறிய பழக்கம் என்று முன்கூட்டியே சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

முதலாளிகளை வகுப்புக்கே அழைத்து வாருங்கள். ஒரு மணி நேரம் மாணவர்களோடு உட்கார்ந்தவர் விண்ணப்பத்தை வேறு கண்ணோடு பார்ப்பார். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்தையும் மறக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் வாழும் தெருவுக்கே ஒருவரைத் திருப்பி அனுப்பும் முன், அவர்களின் பாதுகாப்பு பற்றி உரிய அலுவலரோடு பேசிவிடுங்கள்.

படி 8: எதை எண்ணுவது

எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்பது எண்ண எளிது, அதனால்தான் எல்லோரும் அதை எண்ணுகிறார்கள். நீங்கள் 30ஆம் நாள், 90ஆம் நாள், ஓராண்டு முடிவு என மூன்று இடத்தில் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் நான்கு கேள்வி கேளுங்கள். தங்க இடம் இருக்கிறதா, வருமானம் இருக்கிறதா, படிப்பு தொடர்கிறதா, சிக்கல் வந்தால் கூப்பிட ஒருவர் இருக்கிறாரா.

தொடர்பில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் திட்டம் எப்போதும் வெற்றியாகவே தெரியும். தொடர்பு அறுந்தவர்களின் பெயரையும் அதே தாளில் எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். இவர் எந்த வாரத்தில் வருவதை நிறுத்தினார்? அந்த வாரத்தில் அறையை இழந்தாரா, வேலை நேரம் மாறியதா, நாம் ஒரு வகுப்பை ரத்து செய்துவிட்டுச் சொல்லாமல் விட்டோமா? அவரோடு படித்த ஒருவரிடம் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். முடிந்தால் அவரை நேரில் போய்ப் பாருங்கள். ஏன் வகுப்புக்கு வரவில்லை என்ற கேள்வியோடு போகாமல், நலம் விசாரிக்கப் போவதுபோல் போங்கள். அடுத்த வகுப்பின் தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.